வீட்டுத் தானியங்கி அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் வீடுகளுக்குத் தானியங்கிச் சாதனங்களைப் பொருத்தித் தரும் தொழில்நுட்ப நண்பர்களுக்கு,



மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்பதும், அந்தி மயங்கியதும் வாசல் விளக்கு எரிவதும், வெளிக் கேட்டைக் கைப்பேசியிலிருந்தே திறப்பதும், முதியவர் தனித்திருக்கும் வீட்டில் இரவில் எழுந்து சென்றவர் படுக்கைக்குத் திரும்பினாரா என்று அறிவதுமாகிய காரியங்களையெல்லாம், உள்ளங்கையளவான ஒரு ராஸ்பெர்ரி பையிலோ, உபயோகத்திலிருந்து ஒதுக்கப்பட்ட ஒரு பழைய லேப்டாப்பிலோ இயங்குகின்ற சர்வரின் பொறுப்பில் ஒப்படைத்துத் தரும் உங்கள் கைத்திறனை நான் பல வீடுகளில் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். பவுலுஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013-ஆம் ஆண்டில் தம் வீட்டு விளக்குகளை இயக்குவதற்காக எழுதத் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் மென்பொருள், எவரும் விலையின்றி எடுத்தாளத்தக்கதாக வளர்ந்து, எங்கோ இருக்கும் கம்பெனியின் தயவை நாடாமல் ஒரு குடும்பம் தன் வீட்டைத் தானே ஆளலாம் என்னும் நிலையை உண்டாக்கியது. அந்த நிலையை நம் தெருக்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள். உங்கள் தொழிலில் ஒரேயொரு பழக்கம் மாற வேண்டுமென்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

வேலை ஏறக்குறைய முடிந்து, ஸ்விட்சுகளெல்லாம் சோதிக்கப்பட்டு, நீங்கள் கருவிகளைப் பையில் எடுத்து வைக்கின்ற சமயத்தில், “சிங்கப்பூர்ல இருக்கிற பையன் அங்கேயிருந்தே இதையெல்லாம் பார்க்க முடியுமா தம்பி?” என்று அந்த வீட்டு அம்மா கேட்பார்கள். முடியும் என்று சொல்லி, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து 8123 என்ற போர்ட்டுக்கு வருவதையெல்லாம் உள்ளே இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிடும்படி போர்ட் ஃபார்வர்டிங் செய்து, முகவரியைப் பையனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கும் திருப்தி, பையனுக்கும் திருப்தி. இந்தச் செய்கையைத்தான் நீங்கள் அறவே கைவிட வேண்டுமென்று வேண்டுகிறேன். அந்த வழியாக வருகிறவர் சிங்கப்பூர்ப் பிள்ளை ஒருவர் மட்டுமாக இருப்பதில்லை. இணையத் தொடர்புடைய எவரும், எந்த நாட்டிலிருந்தும், அந்த அம்மாவின் வீட்டுச் சர்வருக்கு முன்னால் வந்து நிற்கலாம் என்று ஆகிவிடுகிறது. அப்படி ஆகிவிட்டதென்பதை அவரிடம் எவரும் சொல்வதும் இல்லை.

திருப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிற வீட்டை யார் தேடிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. தேடி வருகிறவர் மனிதராயிருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும். பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். அவற்றில் பொதுவெளியில் உள்ளவற்றை ஏறக்குறைய முழுவதும் தட்டிப் பார்த்து, குறிப்பிட்ட ஒரு போர்ட் எங்கெங்கே திறந்திருக்கிறதென்று 45 நிமிஷத்துக்குள் கண்டறிந்துவிடலாம் என்பதை, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-லேயே, வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு சாதாரணக் கணினியைக்கொண்டு நிரூபித்துவிட்டார்கள். அவ்வாறு கண்டவற்றைத் தொகுத்து, தேடுவோர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் ஷோடான் என்னும் தேடுபொறி 2009 முதல் இயங்கிவருகிறது. ஆகவே சந்தும் முடுக்கும் இங்கே பாதுகாப்பாக மாட்டா. வெளிப்புற எண்ணை 8123-இலிருந்து வேறு ஏதோ ஐந்திலக்க எண்ணுக்கு மாற்றிவைத்தால் போதும் என்று கருதுவோருக்கும் இதுவே விடை. மறைத்து வைத்திருக்கிறோம் என்னும் நம்பிக்கையில் நிற்கும் பாதுகாப்பு பாதுகாப்பே அன்று என்பதை, அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்னும் மொழிப் பேராசிரியர் 1883-இல் பிரெஞ்சு ராணுவச் சஞ்சிகை ஒன்றில் இரகசிய எழுத்து முறைகளைப் பற்றி எழுதியபோதே வரையறுத்துச் சொன்னார்: முறை முழுவதும் பகைவன் கையில் அகப்பட்டாலும், சாவி ஒன்று மட்டும் நம்மிடம் இருக்கும்வரை இரகசியம் காக்கப்பட வேண்டும்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட அபாயமும் அன்று. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் பரவியபோது, அது வங்கிகளின் கணினிகளையோ ராணுவக் கணினிகளையோ நாடவில்லை. வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த கேமராக்களையும், அவற்றின் காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டிகளையும், ரௌட்டர்களையுமே நாடியது. தொழிற்சாலையில் இட்ட பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றாமல் விட்டிருந்த சாதனங்களை, ஏறக்குறைய அறுபது ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று, இலட்சக்கணக்கில் கைவசப்படுத்திக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அச்சாதனங்களில் பல ஒருசேர ஏவப்பட்டு டைன் என்னும் நிறுவனத்தின் பெயர்முகவரிச் சேவையைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெருந்தளங்களே அமெரிக்காவில் பலமணி நேரம் எட்டாமற் போயின. தங்கள் வீட்டு வாசலைக் காப்பதற்கென்று வாங்கி மாட்டிய கேமரா ஊரார்மீது ஏவப்பட்ட ஆயுதமாயிற்று என்பதை அந்த வீட்டாரில் பெரும்பாலோர் அறிந்திருக்க வழியே இல்லை. நீங்கள் பொருத்துகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டை இடுகின்ற வழக்கம் உங்களில் எவரிடமாவது இருக்குமானால், அந்தப் பட்டியலில் இன்னுமொரு வரியை நீங்களே எழுதிச் சேர்த்தவராகிறீர்கள்.

பாஸ்வேர்டு நீளமாகவும் கடினமாகவும் இருந்தால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான், இதற்கு விடை 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிடைத்தது. ஹோம் அசிஸ்டன்டின் சூப்பர்வைசர் என்னும் பகுதியில், பாஸ்வேர்டு எதுவும் கேட்கப்படாமலே, அதாவது அடையாளச் சோதனையை முற்றிலும் தாண்டிக்கொண்டு, வெளியாள் உள்ளே கட்டளையிடுவதற்கு இடங்கொடுக்கும் ஒரு குறை இருப்பது அப்போது வெளிப்பட்டது. அபாயத்தின் தீவிரத்தைப் பத்துக்கு இத்தனை என்று அளக்கும் முறையில் அதற்குப் பத்துக்குப் பத்தே கொடுக்கப்பட்டது. அந்தப் பகுதி 2017-இல் தோன்றிய காலந்தொட்டே அக்குறை அதில் இருந்துவந்திருக்கிறது. அதை இயற்றியவர்கள் திறமையும் நேர்மையும் உடையவர்கள். குறை தெரியவந்ததும் விரைந்து திருத்தி, ஒளிக்காமல் உலகத்துக்கு அறிவித்தார்கள். உடனே புதுப்பிக்க முடியாதவர்கள் சர்வரை இணையத்துக்கு நேரே திறந்துவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் 8123-ஐத் திறந்துவைத்திருந்த வீட்டில், நாற்பது எழுத்துப் பாஸ்வேர்டும், முப்பது நொடிக்கொருமுறை மாறும் இரண்டாவது சோதனை எண்ணும் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திராது. அவ்விரண்டும் அவசியந்தான், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அவை நிற்கவேண்டிய இடம் வீட்டுக்குள்ளே. பெரிய மென்பொருள் எதிலும் இன்று நமக்குத் தெரியாத குறை ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு அமைப்பதே பொறுப்புள்ள தொழிலாளியின் லட்சணம். சர்வர் குறையுடையதாகவே இருந்தாலும் அந்நியர் அதனருகே வந்து சேர முடியாதபடி செய்வதே நாம் செய்யத்தக்கது.

அதற்கு வழி இருக்கிறது, கடினமானதும் அன்று. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் இயற்றி, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 5.6-ஆம் பதிப்போடு அதன் அங்கமாகவே சேர்ந்துவிட்ட வயர்கார்டு என்னும் வி.பி.என். முறையை நான் முதலில் சொல்வேன். தேர்ந்த ஒருவர் உட்கார்ந்து முழுவதும் படித்துச் சோதிக்கத்தக்க அளவில், ஏறத்தாழ நாலாயிரம் வரிகளுக்குள் அதன் நிரல் அடங்கிவிடுகிறது. இத்துறையில் இது அரிய குணம். இதற்கும் ரௌட்டரில் ஒரு போர்ட்டைத் திறக்கத்தானே வேண்டும் என்றால், ஆம், வழக்கமாக 51820 என்னும் யூ.டி.பி. போர்ட்டைத் திறக்க வேண்டும். ஆனால் 8123-இல் தட்டியவன் எவனாயிருந்தாலும் அவனுக்கு உள்நுழைவுப் பக்கம் பதிலாகக் கிடைக்கிறது, வயர்கார்டோ, தனக்கு முன்பே அறிமுகமான சாவியால் முத்திரையிடப்படாத எந்தச் செய்திக்கும் மறுமொழியே அளிப்பதில்லை, மறுப்பைக்கூட அனுப்புவதில்லை. ஆகவே ஊர் ஊராகத் தட்டிக்கொண்டு வருகிற நிரலுக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே புலப்படாது.

சாவிகளைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். நல்ல முறையைத் தேர்ந்துகொண்டவர்களும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். வயர்கார்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு சாவிகள் உண்டு: வெளியில் கொடுக்கத்தக்கது ஒன்று, சாதனத்தை விட்டு வெளியேறக் கூடாதது மற்றொன்று. இரண்டையும் நீங்களே உங்கள் லேப்டாப்பில் உண்டாக்கி, அமைப்புக் கோப்பு முழுவதையும் வாட்ஸப்பில் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டால், வெளியேறக் கூடாத சாவி உங்கள் லேப்டாப்பிலும், இருவர் கைப்பேசிகளிலும், அவற்றின் பேக்கப்பிலுமாக நிரந்தரமாகத் தங்கிவிடும். அதற்கு மாறாக, அந்தப் பிள்ளையே தம் கைப்பேசியில் வயர்கார்டு செயலியைத் திறந்து சாவிகளை உண்டாக்கிக்கொண்டு, பொதுச் சாவியை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். அதை எந்த வழியில் அனுப்பினாலும், இடையில் எவர் பார்த்தாலும் குற்றமில்லை. போனில் அவரைக் கூப்பிட்டு முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துவிட்டால் வந்த சாவி அவருடையதுதான் என்னும் நிச்சயமும் ஏற்படும். அம்மாவின் கைப்பேசிக்கு வேறு சாவி, மருமகளின் கைப்பேசிக்கு வேறு சாவி என்று சாதனத்துக்கொன்றாக அமைத்து, எது யாருடையது என்று பெயரும் குறித்துவைத்தால், ஒரு கைப்பேசி பஸ்ஸில் தொலைந்துபோன அன்று அந்த ஒரு சாவியை மட்டும் சர்வரிலிருந்து நீக்கினால் போதும். மற்றவர்களுக்கு யாதொரு இடையூறும் இராது. ஒரே சாவியை வீடு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தாலோ, அன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிறு விஷயம் ஒன்று, ஆனால் உங்களை மறுநாளே திரும்பக் கூப்பிட வைப்பது: ரௌட்டர் வாங்கி வந்தபடியே 192.168.1 என்னும் உள்முகவரி வரிசையில் விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தங்கியிருக்கும் இடத்து ரௌட்டரும் அதே வரிசையில் இருக்குமானால், அவர் கைப்பேசி வீட்டுச் சர்வரைத் தேடும்போது தன் அறைக்குள்ளேயே தேடிவிட்டு இல்லையென்று சொல்லிவிடும். மூன்றாவது எண்ணை வழக்கமில்லாத ஒன்றாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவதே நலம்.

இனி, இந்நாட்டில் நீங்கள் சந்திக்கும் பெரிய தடை வேறொன்று. புதிதாக வழங்குவதற்கென்று உலகப் பொதுவில் வைத்திருந்த பழைய முறை முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனபடியால், இணைப்புத் தருகிற கம்பெனிகள் பல, ஒரே கதவிலக்கத்தின்கீழ் பல ஒண்டுக்குடித்தனங்கள் இருப்பதைப்போல, நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களை ஒரே வெளிமுகவரியின்கீழ்க் குடிவைத்திருக்கின்றன. ரௌட்டரின் பக்கத்தில் தெரிகிற வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குமானால், அல்லது வெளித்தளம் ஒன்று காட்டும் முகவரியோடு அது பொருந்தாவிட்டால், அந்த வீடு அப்படிப்பட்ட குடித்தனமே என்று கொள்ளலாம். அங்கே எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் வந்து சேராது. கம்பெனியிடம் மாதந்தோறும் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கித் தருவது ஒரு வழி. அதனினும் எளியவை, வீட்டுச் சர்வரே வெளியே சென்று தொடர்பை உண்டாக்கிக்கொள்ளும் முறைகள். டெய்ல்ஸ்கேல் என்பது வயர்கார்டையே அடிப்படையாகக்கொண்டு இதைச் செய்கிறது. பொதுச் சாவிகளைப் பரிமாறிவைப்பதே அவர்கள் சர்வரின் முக்கிய வேலை. இரகசியச் சாவிகள் அந்தந்தச் சாதனத்திலேயே தங்குகின்றன. எனினும் அதில் நுழைவது கூகுள் முதலிய கணக்கொன்றின் மூலமாகையால், அந்தக் கணக்கு உங்களுடையதாக இராமல் வீட்டாருடையதாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டாவது சோதனையும் இட்டிருக்க வேண்டும். டெய்ல்ஸ்கேலின் சாவிகள், நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 180 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதை மறந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒருநாள் வீடு எட்டவில்லையென்று பிள்ளை பதறும்படி விட்டுவிடாதீர்கள். சர்வருக்கு மட்டும் அந்தக் காலவரையறையை நீக்கிவைக்கலாம்.

வேறு வழிகளும் உள. ஹோம் அசிஸ்டன்டின் ஸ்தாபகர் முதலானோர் 2018-இல் தொடங்கிய நபு காசா நிறுவனத்தின் சந்தாவில், செய்திகளை மூடியிருக்கும் மறைமொழி வீட்டுச் சர்வரில்தான் அவிழ்கிறது; இடையிலுள்ள அவர்களுக்கு உள்ளடக்கம் தெரியாது. வி.பி.என். செயலியைத் தினமும் இயக்கிப் பழகுவது முதியவர்களுக்குச் சிரமம் என்னும் வீடுகளில் நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்கமாட்டேன். கிளவுட்ஃபிளேர் டன்னலும் போர்ட் திறவாமலே வேலை செய்யும். ஆயினும் அங்கே மறைமொழி அந்தக் கம்பெனியின் சர்வரில் அவிழ்ந்து, மறுபடியும் கட்டப்பட்டு வீட்டுக்கு வருகிறது. முன்னால் தனியாக ஓர் அடையாளச் சோதனையை நிறுத்தாவிட்டால் உள்நுழைவுப் பக்கம் முன்போலவே உலகத்தார் பார்வைக்குத் திறந்திருக்கும். இந்த வேற்றுமையை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் அமையுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தருகிற இலவசச் சான்றிதழை வாங்கி முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் வரவழைத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று எண்ணுவோரும் உண்டு. அது வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும், வாசலுக்கு வருகிறவனைத் தடுக்காது. சான்றிதழ் வழங்கப்பட்ட பெயர்களெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால், அந்தப் பெயரைக்கொண்டே தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் யந்திரத்தின் சங்கதி. மனிதரைப் பற்றியது ஒன்று சொல்ல வேண்டும். அதையே நான் முக்கியமாக நினைக்கிறேன். சர்வரில் உங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட நிர்வாகிக் கணக்கை, பின்னால் பழுது பார்க்க உதவுமே என்னும் நல்லெண்ணத்தால், நீக்காமல் விட்டுவருகிறீர்கள். அந்தக் கணக்கினால் என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்: அந்த அம்மா எப்போது எழுகிறார், எப்போது கோவிலுக்குப் புறப்படுகிறார், எந்த நாட்களில் வீடு பூட்டியிருக்கிறது, குளியலறை விளக்கு இரவில் எத்தனை முறை எரிகிறது என்பதெல்லாம் தேதிவாரியாக அங்கே பதிவாகியிருக்கின்றன. உங்கள்மீது அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் நேர்மையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உங்கள் கைப்பேசி திருடுபோகலாம். உங்களிடம் வேலை பார்த்துவிட்டுப் போன உதவியாளருக்குப் பாஸ்வேர்டு தெரிந்திருக்கலாம். அப்போது நீங்கள் பொருத்திய வீடுகள் அத்தனையும் ஒரே நாளில் அந்நியருக்குத் திறந்துவிடும். வேலை முடிந்த அன்று, வீட்டார் முன்னிலையில், அந்தக் கணக்கை நீங்களே நீக்குங்கள். பழுது வந்தால் அவர்கள் ஒரு கணக்கை உண்டாக்கித் தரட்டும். பழுது நீங்கியதும் மூடிவிடட்டும். பிள்ளை தூரத்திலிருந்து பார்ப்பதற்கும் தாயாரின் சம்மதம் வேண்டும் என்பதைக்கூட நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். படுக்கையறைப் பக்கத்துக் கேமரா வேண்டுமா என்று அவரைத் தனியே கேட்டுவிட்டுப் பொருத்துங்கள். மகன் வாங்கி அனுப்பிய சாதனம் என்பதற்காக வேண்டாமென்று சொல்லத் தயங்குகிற தாய்மார் நம்மிடையே மிகுதி.

தொலைவழி அறுந்துபோனாலும் வீடு வீடாகவே நடக்கவேண்டும் என்பதையும் நீங்கள் கவனிப்பீர்கள் என்று நம்புகிறேன். தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்பது வெளியிலிருந்து வரும் கட்டளையை எதிர்பார்த்திருக்கக் கூடாது. சுவரில் உள்ள ஸ்விட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். கரண்டு போகிற ஊர்களில், இன்வெர்ட்டரோடு சர்வரை மட்டும் இணைத்துவிட்டு ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறந்துவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவை மூன்றும் ஒன்றாக உயிரோடு இருந்தால்தான் அந்த நேரத்தில் வீடு எட்டும், மகனுக்குக் கவலை மிகுதியாகும் நேரமும் அதுவே.

இவற்றையெல்லாம் செய்ய, போர்ட் ஃபார்வர்டிங்குக்கு ஆகிற சில நிமிஷங்களைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதை நான் அறிவேன். அந்த நேரத்துக்குத் தனியே ஊதியம் கேளுங்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் கொடுக்க மறுக்கிற குடும்பங்கள் சிலவே. சர்வரைப் புதுப்பிப்பதற்கு மூன்று மாதத்துக்கொரு முறை வருவதாகவும் ஒப்பந்தம் பேசுங்கள். 2023-இல் கண்டதைப் போன்ற குறை மறுபடியும் வெளிப்படுகிற நாளில், அறிவிப்பைப் படித்து அந்த அம்மாவுக்குப் போன் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். முன்பு 8123-ஐத் திறந்துவிட்டு வந்த வீடுகளின் பெயர்கள் உங்கள் பழைய நோட்டில் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டு, ஒரு மாறுதல் செய்ய வேண்டியிருக்கிறதென்று சொல்லி, இந்த மாதத்துக்குள் போய்வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலை மதிக்கும் ஒரு கிருகஸ்தன்